ஆளைக் கொண்டுவந்து நிறுத்து!



போன வாரம் நம் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "ஐயா, 'சிறையில் இருந்தபடியே காணொலிக் காட்சி மூலம் ஆஜர்படுத்தப்பட்டார், காவல் 15 நாள் நீட்டிப்பு' என்று பேப்பரில் அடிக்கடி படிக்கிறேன். ஆளைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகாமலே இப்படிச் செய்யலாமா? சட்டப்படி சரிதானா?" என்று கேட்டிருந்தார்.

ஒரு வரியில் பதில் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. நான் வக்கீல் இல்லை. சமூக அறிவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது வரலாறு. அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். போலீஸ் ஒருவரைக் கைது செய்தால், முதல் தடவை அவரை மாஜிஸ்ட்ரேட் முன்னால் நேரில்தான் நிறுத்த வேண்டும். போலீஸ் காவலில் இருக்கிற வரைக்கும் ஒவ்வொரு தடவையும் நேரில்தான். அவர் சிறைக்குப் போன பிறகு, அதாவது நீதிமன்றக் காவலுக்கு வந்த பிறகு, காவலை நீட்டிப்பதற்கு நேரிலும் நிறுத்தலாம், திரையிலும் நிறுத்தலாம். இந்தக் கோட்டை ஏன் இந்த இடத்தில் போட்டார்கள் என்பதுதான் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது.

"ஆட்கொணர்வு மனு" என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆங்கிலேயர்கள் ஹேபியஸ் கார்பஸ் என்று சொல்வார்கள். அது லத்தீன் சொல். கார்பஸ் என்றால் உடல். "நீ பிடித்து வைத்திருக்கிறாயே, அந்த ஆளை உடலோடு என் முன்னால் கொண்டுவந்து நிறுத்து, எதற்காகப் பிடித்தாய் என்று சொல்" என்று நீதிபதி போடுகிற உத்தரவு அது. இங்கிலாந்தில் பழங்காலம் முதலே இருந்த வழக்கம், 1679-இல் பாராளுமன்றச் சட்டமாக உறுதியானது. அரசனே பிடித்து வைத்திருந்தாலும் ஆளைக் காட்டித்தான் ஆக வேண்டும். தமிழில் இதை "ஆட்கொணர்வு" என்று ஆக்கியவர் யாரோ, அழகாக ஆக்கியிருக்கிறார். ஆளைக் கொணர வேண்டும். பேரையோ காகிதத்தையோ கொணர்ந்தால் போதாது.

இது ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடித்த தத்துவம் என்று நினைக்க வேண்டாம். சிலப்பதிகாரக் கதையை நினைத்துப் பாருங்கள். பாண்டியன் கோவலனைப் பார்க்கவே இல்லை. பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டான், அந்தப்புரத்துக்குப் போகிற அவசரத்தில் காவலர்களை அனுப்பினான், அவ்வளவுதான். கோவலனைச் சபைக்குக் கொண்டுவந்து நிறுத்தி, "இந்தச் சிலம்பு உனக்கு எப்படி வந்தது?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் மதுரை எரிந்திருக்காது. பிறகு கண்ணகி நேரில் வந்து நின்றபோதுதான் உண்மை வெளியே வந்தது. ஆளைப் பார்க்காமல் கொடுக்கிற உத்தரவு எங்கே கொண்டுபோய்விடும் என்று நம் முன்னோருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இனி நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு, கைதானவரை 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது. பயண நேரம் மட்டும் கணக்கில் சேராது. இதை அடிப்படை உரிமைகளில் ஒன்றாக வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். சுதந்திரப் போராட்டத்தில் சிறை பார்த்தவர்கள் பலர் அந்த அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆனால் நடைமுறையில் நம்மை ஆண்டது 1898-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம். அதற்குப் பதிலாக 1973-இல் புதுச் சட்டம் இயற்றி, 1974 ஏப்ரல் 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அதன் 167-ஆவது பிரிவில், ஆளை முன்னால் நிறுத்தினால் ஒழிய எந்த மாஜிஸ்ட்ரேட்டும் காவலுக்கு உத்தரவிடக் கூடாது என்று வெளிப்படையாக எழுதினார்கள். ஒரு தடவைக்கு 15 நாளுக்கு மேல் போகக் கூடாது. 15 நாள் முடிந்தால் மறுபடி கொண்டுவந்து நிறுத்த வேண்டும். "ரிமாண்ட் நீட்டிப்பு" என்று நாம் சொல்வது இதைத்தான்.

சட்டம் எழுதியாகிவிட்டது. ஆனால் யார் கொண்டுபோவது? எதில் கொண்டுபோவது?

இங்கேதான் நம் ஊர்ப்பக்கத்துக் கதை வருகிறது. சென்னை மத்தியச் சிறை முன்பு எங்கே இருந்தது என்று உங்களில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது. 1837-இல் கட்டியது. அங்கிருந்து எழும்பூர் நீதிமன்றமும், ஜார்ஜ் டவுன் நீதிமன்றமும், உயர் நீதிமன்றமும் கூப்பிடு தூரம். 2006-இல் சிறையைப் புழலுக்கு மாற்றினார்கள். பழைய கட்டடத்தை 2009-இல் இடித்தார்கள். இடம் மருத்துவக் கல்லூரிக்குப் போனது. புழலோ நகரத்துக்கு வெளியே. செங்கல்பட்டு நீதிமன்றத்துக்கு அங்கிருந்து வர வேண்டுமானால் அறுபது கிலோமீட்டருக்கு மேல்.

ஒரு விசாரணைக் கைதியை அங்கிருந்து இங்கே கொண்டுவருவது என்றால் என்னென்ன வேண்டும்? வேன் வேண்டும், டிரைவர் வேண்டும், டீசல் வேண்டும், வழிக்காவலுக்கு ஆயுதப்படைப் போலீஸார் வேண்டும். காலையில் கிளம்பி, வழியெல்லாம் நெரிசலில் நின்று, நீதிமன்றத்தில் காத்திருந்தால், கூப்பிட்டு இரண்டு நிமிஷத்தில் "15 நாள் நீட்டிப்பு" என்பார்கள். அன்று சாயங்காலம் அதே வேனில் திரும்பிப் போக வேண்டும். தப்பித்துவிடுவாரோ என்று விலங்கு மாட்டிக் கூட்டிவருவார்கள். 1980-இல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்தார். விசாரணைக் கைதிக்கு வழக்கமாக விலங்கு மாட்டுவது மனித கண்ணியத்துக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படியானால் இன்னும் கூடுதல் காவலர் வேண்டும். தேர்தல், திருவிழா, அமைச்சர் வருகை என்று வந்தால் வழிக்காவலுக்கு ஆள் கிடைக்காது. ஆள் கிடைக்காவிட்டால் கைதி போக மாட்டார். கைதி போகாவிட்டால் வழக்கு நகராது. இன்னொரு வாய்தா.

இப்படிச் சேர்ந்த வாய்தாக்கள் என்ன செய்யும் என்பதை 1979-இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கு நாட்டுக்குக் காட்டியது. பீகார் சிறைகளில் விசாரணைக் கைதிகள் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். குற்றம் நிரூபணமாகியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தண்டனையைவிட அதிக காலம் உள்ளே இருந்தவர்களும் அவர்களில் உண்டு. விரைவான விசாரணையும் உயிர் வாழும் உரிமையில் அடக்கம் என்று நீதிபதி பி.என்.பகவதி அந்த வழக்கில் தீர்ப்புச் சொன்னார். அதனால், திரை வந்தபோது அதை வரவேற்றவர்கள் எல்லோரும் செலவு மிச்சம் பார்த்தவர்கள் என்று சொல்ல முடியாது. கைதியின் நன்மைக்காக வரவேற்றவர்களும் இருந்தார்கள்.

நீதிமன்றத்துக்குள் திரை நுழைந்த பெரிய வாசல் 2003 ஏப்ரலில் வந்த மகாராஷ்டிர அரசு எதிர் பிரஃபுல் தேசாய் வழக்குத் தீர்ப்பு. அது ஒரு மருத்துவ அலட்சிய வழக்கு. முக்கியமான சாட்சி நியூயார்க்கில் இருந்த ஒரு டாக்டர். சாட்சி சொல்லத் தயார், ஆனால் இந்தியா வர மாட்டேன் என்றார். சாட்சியத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் முன்னிலையில் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அப்படியானால் திரையில் தெரிவது "முன்னிலை" ஆகுமா? ஆகும் என்றது உச்ச நீதிமன்றம். பார்க்க முடிகிறது, கேட்க முடிகிறது, குறுக்கு விசாரணை செய்ய முடிகிறது, அது போதும் என்றது. பின்னாளில், 2016-இல், மும்பைத் தாக்குதல் வழக்கில் டேவிட் ஹெட்லி அமெரிக்காவிலிருந்தபடியே மும்பை நீதிமன்றத்துக்குச் சாட்சி சொன்னதும் இந்த வழியில்தான்.

சாட்சி சரி. கைதி? 2005-இல் இன்னொரு வழக்கு வந்தது. அப்போது எம்.பி.யாக இருந்த பப்பு யாதவ் ஒரு கொலை வழக்கில் பாட்னா சிறையில் இருந்தார். சிறைக்குள் அவர் நடந்துகொண்ட விதம் பற்றிப் புகார்கள் வந்ததால், உச்ச நீதிமன்றம் அவரைத் தில்லி திகார் சிறைக்கு மாற்றியது. வழக்கு பாட்னாவில், ஆள் தில்லியில். விசாரணையைத் திரை வழியாக நடத்தலாம் என்று உத்தரவிட்டது. (அந்தக் கொலை வழக்கில் 2013-இல் மேல்முறையீட்டில் அவர் விடுதலையானார்.)

பிறகு சட்டமே மாறியது. 2008-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 2009 டிசம்பர் 31-இல் அமலுக்கு வந்தது. நான் முதலில் சொன்ன கோட்டை 167-ஆவது பிரிவில் போட்டது இந்தத் திருத்தம்தான். முதல் தடவையும், போலீஸ் காவலில் இருக்கும் நாள் முழுக்கவும் நேரில். சிறைக்குப் போன பிறகு நேரிலோ திரையிலோ. 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டம் போய் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. அதில் இது 187-ஆவது பிரிவு. பேரும் எண்ணும் மாறின, கோடு அதே இடத்தில் இருக்கிறது.

ஏன் அந்த இடத்தில்?

இதற்கு நான் என் தொழிலிலிருந்து பதில் சொல்கிறேன். வகுப்பில் வருகைப் பதிவேடு எடுத்து ஒவ்வொரு பெயராக வாசிப்போம். "உள்ளேன் ஐயா" என்று குரல் வரும். குரல் வந்தால் பதிவேட்டுக்குப் போதும். ஆனால் நிமிர்ந்து பார்க்கிற ஆசிரியருக்கு அதற்கு மேல் தெரியும். காலையில் சாப்பிடாமல் வந்தது யார், ராத்திரி வீட்டில் அடி வாங்கியது யார், ஒரு கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்பது யார் என்று. ஆசிரியர் வேலை பார்க்கிற என் மாணவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2020-இல் செல்போனில் வகுப்பு நடத்தியவர்கள் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பீர்கள். குரல் வரும், முகம்கூட வரும், கை வராது.

கைதானவருக்கு ஆபத்து அதிகமாக இருப்பது போலீஸ் காவலில் இருக்கும் அந்த முதல் நாள்களில்தான். அடி விழுந்திருந்தால் அது உடம்பில் தெரியும். நடையில் தெரியும். பக்கத்தில் நிற்கிற போலீஸ்காரரைப் பார்த்துவிட்டுப் பேசுகிறாரா என்பதில் தெரியும். மாஜிஸ்ட்ரேட் முன்னால் நேரில் நிறுத்துவதன் நோக்கமே இதுதான். யாருடைய கட்டுப்பாட்டில் அடிபட வாய்ப்பு இருக்கிறதோ, அவர்களே பிடித்துக் காட்டுகிற கேமராவை இந்த ஒரு விஷயத்தில் நம்ப முடியாது.

இதை எழுதும்போது சாத்தான்குளத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2020 ஜூன் 19. ஊரடங்கு நேரத்தில் கடை திறந்து வைத்திருந்ததாக ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் பிடிக்கப்பட்டார்கள். மறுநாள் ரிமாண்ட் செய்யப்பட்டுக் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். ஜூன் 22-ஆம் தேதி மகனும், 23-ஆம் தேதி தகப்பனாரும் இறந்துபோனார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. ரிமாண்ட் செய்தபோது அவர்களுடைய காயங்கள் ஏன் கவனிக்கப்படவில்லை என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. நேரில் நிறுத்துவது எவ்வளவு முக்கியமோ, நிறுத்திய ஆளை நிமிர்ந்து பார்ப்பதும் அவ்வளவு முக்கியம் என்பதை அந்த இரண்டு உயிர்கள் நமக்குச் சொல்லிவிட்டுப் போயின.

அந்த 2020-தான் திரை ஊரெங்கும் பரவிய ஆண்டு. மார்ச் 23-இல் உச்ச நீதிமன்றம், நெரிசலான சிறைகளில் கொரோனா பரவும் அபாயத்தை எண்ணி, விசாரணைக் கைதிகளை நீதிமன்றத்துக்கு நேரில் கொண்டுவருவதை உடனே நிறுத்தச் சொன்னது. எல்லாவற்றுக்கும் காணொலிக் காட்சியைப் பயன்படுத்தச் சொன்னது. ஏப்ரல் 6-இல் எல்லா நீதிமன்றங்களும் காணொலி வழியாக இயங்குவதற்கான நெறிமுறைகளை வகுத்தது. சிறைகளில் உறவினர் மனு போட்டுப் பார்ப்பதும் நின்றுபோய், வீடியோ அழைப்பு வந்தது. அந்த நேரத்தில் திரை இல்லாதிருந்தால் நீதிமன்றங்கள் பூட்டிக் கிடந்திருக்கும். ஜாமீன்கூட விசாரித்திருக்க முடியாது. அந்த நன்றியைச் சொல்லத்தான் வேண்டும்.

நோய் போய்விட்டது, திரை தங்கிவிட்டது. இன்று நாட்டில் 3,240 நீதிமன்ற வளாகங்களுக்கும் 1,272 சிறைகளுக்கும் இடையே காணொலி இணைப்பு இருப்பதாக மத்திய அரசு சொல்கிறது. இன்னொரு கணக்கையும் பாருங்கள். 2022 டிசம்பர் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் விசாரணைக் கைதிகள் 4,34,302 பேர். நாலு பேரில் மூன்று பேர் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள். அவர்களில் பலருக்கு நீதிமன்றம் என்பது இப்போது சிறைக்குள் ஓர் அறையில் இருக்கிற திரைதான்.

திரை தீர்ப்பை மாற்றுமா? இதற்கு அமெரிக்காவில் ஒரு நல்ல படிப்பினை இருக்கிறது. சிகாகோ நகரம் இருக்கிற குக் கவுண்டியில் 1999-இல் ஜாமீன் விசாரணையைத் தொலைக்காட்சித் திரை வழியாக நடத்த ஆரம்பித்தார்கள். பல ஆண்டுகளின் பதிவுகளை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். திரைக்கு மாறிய வகை வழக்குகளில் நீதிபதிகள் கேட்ட ஜாமீன் தொகை சராசரியாக 51 சதவீதம் ஏறியிருந்தது. நேரில் விசாரித்த வழக்குகளில் அப்படி ஏறவில்லை. நீதிபதிகள் கெட்டவர்கள் இல்லை. எதிரில் நிற்கிற மனிதனைவிடத் திரையில் தெரிகிற மனிதன் மீது இரக்கம் குறைந்துபோகிறது போலிருக்கிறது. வழக்குப் போட்டார்கள். 2008 இறுதியில் அங்கே அந்த முறையைக் கைவிட்டு நேர் விசாரணைக்குத் திரும்பினார்கள்.

புள்ளிவிவரத்தில் வராத இழப்பு ஒன்றும் உண்டு. உறவினர் ஒருவருடைய நில வழக்குக்குத் துணையாகச் செங்கல்பட்டு நீதிமன்றத்துக்கு நான் பல தடவை நடந்திருக்கிறேன். ரிமாண்ட் நாளில் வராந்தாவைப் பார்க்க வேண்டும். கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம், திருக்கழுக்குன்றம் பக்கத்துத் தாய்மார்கள் விடியற்காலை பஸ் பிடித்து வந்து தூணோரமாக உட்கார்ந்திருப்பார்கள். மகனைக் கொண்டுவருகிற வேனுக்காகத்தான். நல்ல மனசுள்ள போலீஸ்காரராக இருந்தால் இரண்டு நிமிஷம் பேச விடுவார். ஒரு பிஸ்கட் பாக்கெட், ஒரு டீ. "மெலிஞ்சிட்டியேடா" என்று தாய் கையைப் பிடித்துப் பார்ப்பாள். வக்கீல் அந்த நேரத்தில்தான் காதோடு காதாக நாலு வார்த்தை கேட்டுக்கொள்வார். வேனில் ஒரு நாள் முழுக்க அலைந்து வந்த கைதிக்கு நீதிமன்றத்தில் கிடைத்த லாபம் அந்த இரண்டு நிமிஷம்தான். திரை வந்த பிறகு வேனும் இல்லை, அலைச்சலும் இல்லை, அந்த இரண்டு நிமிஷமும் இல்லை.

இதையெல்லாம் யோசிக்காமல் விடவில்லை. 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் மின்னணுக் குழு மாதிரி விதிகளை வகுத்தது. முதல் ரிமாண்டையும் போலீஸ் காவலையும் சாதாரணமாகக் காணொலியில் கொடுக்கக் கூடாது, மிக அசாதாரணமான நிலையில் கொடுத்தாலும் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்று அதில் இருக்கிறது. கைதி தன் வக்கீலோடு தனிமையில் பேச வாய்ப்புத் தர வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் அதே விதிகளின்படி சிறை முனையில் ஏற்பாடுகளைக் கவனிப்பவர் சிறைக் கண்காணிப்பாளர் அல்லது பொறுப்பு அதிகாரி. சிறைக்குள் நடக்கிற கொடுமையைச் சொல்ல வேண்டியவர், சிறை அதிகாரிகள் ஏற்பாடு செய்த அறையில் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருக்கிறது. எத்தனை பேருக்கு அந்தத் தைரியம் வரும்?

என் கருத்தைக் கேட்டால், திரை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு நிமிஷ நீட்டிப்புக்காக ஒரு மனிதனை நாள் முழுக்க வேனில் அடைத்து வைத்திருந்த காலம் நல்ல காலம் இல்லை. 2022-இல் ஃபாஸ்டர் என்ற மின்னணு முறை வந்து, உச்ச நீதிமன்றத்தின் ஜாமீன் உத்தரவு உடனே சிறைக்குப் போகிறது. அதுவும் இதே தொழில்நுட்பத்தின் கொடைதான். ஆனால் சட்டம் போட்ட கோட்டைக் காப்பாற்ற வேண்டும். "திரை இருக்கிறதே, முதல் தடவையும் அதிலேயே காட்டிவிடலாமே" என்று ஒரு நாள் யாராவது சொல்வார்கள். வண்டி இல்லை, ஆள் இல்லை, மழை, தேர்தல் என்று காரணமும் சொல்வார்கள். அன்றைக்குக் கூடாது என்று சொல்ல நமக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் உங்களுக்குச் சில வேண்டுகோள்கள்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது கைதானால், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நேரில் நிறுத்தப்பட்டாரா என்று முதலில் கேளுங்கள். உடம்பில் காயம் இருந்தால் அதை மாஜிஸ்ட்ரேட்டிடமே சொல்லச் சொல்லுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லை என்று சோர்ந்துவிடாதீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்க வேண்டும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

காவல் துறையிலும் சிறைத் துறையிலும் நீதிமன்ற அலுவலகங்களிலும் இருக்கிற என் பிள்ளைகளே, கேமராவைத் திருப்பி வைக்கிற கை உங்களுடையது. கைதி உட்கார்ந்திருக்கும்போது அவரைச் சுற்றி யார் நிற்கிறார்கள் என்பதும் தெரிகிற மாதிரி வையுங்கள். வக்கீலோடு அவர் பேசும்போது அறைக்கு வெளியே போய் நில்லுங்கள். வக்கீலாக இருக்கிறவர்கள், திரையில் தெரிகிற கட்சிக்காரரை மாதத்துக்கு ஒரு தடவையாவது சிறைக்குப் போய் நேரில் பாருங்கள்.

கேள்வி கேட்ட மாணவருக்கு நன்றி. வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கேள்வியும் கேட்காதவர் அவர். இப்போதாவது கேட்டாரே!

உங்களுக்குத் தெரிந்த அனுபவங்களைக் கீழே எழுதுங்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தால் பெயர் விவரம் போட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் பழைய ஆசிரியர்,
புதுப்பட்டினம்.